வலென்சியாவுக்குப் போன வக்கடை

எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஸைனுலாப்தீன் முதலில் பின்வளவுக்குப் போவார். கை கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மாப்பிள்ளையைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கல்முனைக்குடியில் யாரும் இதைக் குறையாக எடுப்பதில்லை. இளவயதில் சவூதியில் ஒரு ஈச்சந்தோட்டத்துக்கு இரண்டு வருடம் நீர் பாய்ச்சியவர். ஊருக்குத் திரும்பிய பிறகு இருபத்தொன்பது வருடமாகச் சவளக்கடைப் பக்கத்து வயல்வெளி ஒன்றுக்கு வட்டை விதானை. முந்நூறு ஏக்கர், பதினெட்டு வாய்க்கால். யாருடைய வயலுக்கு எந்த நாள், எந்த மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்துக் கொடுப்பது அவர் வேலை. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வெள்ளத்தில் மூழ்குகிற தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிப் போனால், வெயில் ஏறிய பிறகுதான் சேற்றுக் காலோடு வருவார்.

தண்ணீர் பிரிக்கிற மனிதருக்கு நூறு பேரோடு மனக்கசப்பு இருக்கும். ஆனால் எதிரி என்று சொல்ல அவருக்கு ஒரே ஒருவன்தான், மசூர். அஞ்சாம் வாய்க்காலில் மசூரின் வயல் மேலே, விதானையாரின் சொந்த வயல் அதற்கு நேர் கீழே. முறை இல்லாத நாட்களில் மசூர் வாய்க்கால் வரம்பில் மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தி, தன் வயலுக்குள் தண்ணீர் விழ ஒரு வாய் திறப்பான். அதற்குப் பெயர் வக்கடை. விதானையார் வந்து சேர்வதற்குள் வக்கடை மூடியிருக்கும், மசூரின் வயல் நிறைந்திருக்கும், மசூர் வரம்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான்.

"நண்டு ஓட்ட போட்டிரிக்கு விதானையார், நான்தான் அடைச்சன்," என்பான்.

பதினான்கு வருடமாக இதே கதை. முறைப்பாடு கமநலக் கந்தோரில் பதினொரு தடவை விசாரணைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: மசூர் வெட்டுவதை யாராவது கண்ணால் கண்டீர்களா? ஒருவரும் கண்டதில்லை. கேட்டவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. மசூர் அவ்வளவு சுறுசுறுப்பான மனிதன்.

இந்த நிலையில்தான் அவருக்கு ஸ்பெயின் போக வேண்டி வந்தது. மகன் றினாஸ் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். எலேனா என்ற பெண் அவனிடம் பலகை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கி, மூன்று நாளும் விழுந்து, நாலாம் நாள் எழுந்து நின்றாள். மூன்றாம் வருடம் அவள் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் நடந்தது. இப்போது இருவரும் எலேனாவின் ஊரான வலென்சியாவில் இருக்கிறார்கள், றினாஸ் அங்கே சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் அம்ஹா. விசா கிடைத்தபோது சிறுபோக நெல் கதிர் விடுவதற்குக் குடலை தள்ளுகிற நேரம், வயலுக்குத் தண்ணீர் ஒரு நாள் பிந்தினாலும் தாங்காது.

"நீ போ. நான் அறுவடை முடிய வாறன்," என்றார் மனைவியிடம்.

"குழந்தைக்கி அதுக்குள்ள பல்லு மொளைச்சிரும்," என்றார் சல்மா உம்மா. "வட்டைய மிஹ்லார்ட்டக் குடுத்திட்டு வாங்க. நீங்க இல்லாட்டியும் தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும்."

மிஹ்லார் அவருடைய உதவி ஆள். நல்ல பிள்ளை, ஆனால் பத்து மணிக்கு முன் எழும்ப மாட்டான். அவனிடம் வட்டையை ஒப்படைத்துவிட்டு, ஸைனுலாப்தீன் உயிரில் பாதியை அங்கே வைத்துவிட்டு விமானம் ஏறினார்.

வலென்சியா விமான நிலையத்துக்குச் சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் வந்திருந்தார்கள். சம்மந்தியம்மா நெஞ்சில் கை வைத்து, "அம்பாறோ" என்றார்.

"ஓம், அம்பாறைதான்," என்றார் ஸைனுலாப்தீன். "கல்முனை."

அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டி, மறுபடியும் நெஞ்சைத் தொட்டு, "அம்பாறோ" என்றார்.

"ஓமோம். அம்பாறை டவுன் எங்களுக்குக் கொஞ்சம் தூரம். ஆனா மாவட்டம் அதான்."

மூன்றாம் தடவை அவர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார். இத்தனை கடல் தாண்டி வந்த இடத்தில் நம்முடைய மாவட்டத்தின் பேரில் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற ஒரு மனுசியா என்று ஸைனுலாப்தீனின் கண் கலங்கிவிட்டது. அது அந்த அம்மாவின் பெயர் என்று றினாஸ் காரில் வைத்துச் சொன்னான். அந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பெயராம். அவர் அதற்குப் பிறகும் அதை முழுதாக நம்பவில்லை.

சம்மந்தியின் பெயர் விசெந்தே. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. முதல் இரண்டு நாளும் இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தை அழும்போதெல்லாம் ஒன்றாக எழுந்து, வாசலில் ஒன்றாக முட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை அம்பாறோவும் சல்மா உம்மாவும் எந்த மொழியும் தேவைப்படாமல் கலந்து பேசி, இரண்டு கிழவர்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஊர் பார்த்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்பது கட்டளை.

விசெந்தே அவரை ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். வாசல் மண்டபத்தில் ஆளுயரச் சிலைகள், தங்கச் சட்டம் போட்ட படங்கள். விசெந்தே எதையும் திரும்பிப் பாராமல் நேரே லிஃப்டுக்குப் போனார். பொத்தான்களைக் குதிரையின் கழுத்தைத் தடவுகிறவர் போலத் தடவினார். கதவு மூடியதும் ஒரு விரலை உயர்த்திக் கண்ணை மூடி, மோட்டாரின் சத்தத்தைக் கேட்டார். ஸைனுலாப்தீனும் மரியாதைக்கு ஒரு விரலை உயர்த்திக் கேட்டார். மேலே போனார்கள். கதவு திறந்தது. விசெந்தே திருப்தியோடு தலையாட்டிக் கீழே போகிற பொத்தானை அமுக்கினார். பிறகு அடுத்த அருங்காட்சியகம்.

அன்று பகலுக்குள் அப்படி நாலு அருங்காட்சியகம் பார்த்தார்கள். கதவு மூடுகிற இடைவெளியில் ஒரு குதிரையின் பின்பாதி, ஒரு ராணியின் இடது கை, ஏதோ ஒரு போரின் ஓரம் ஆகியவை ஸைனுலாப்தீனுக்குக் கிடைத்தன. இந்த நாட்டில் அருங்காட்சியகம் பார்ப்பது இப்படித்தான் போலும் என்று நினைத்தார். வேதக்கோயிலின் உயரமான மணிக்கோபுரத்தைக் காட்டி அதில் ஏறுவோமா என்று சைகையால் கேட்டபோது விசெந்தேயின் முகம் சுருங்கியது. இருநூற்றுச் சொச்சம் படி, லிஃப்ட் இல்லை. அதை அவர் ஒரு கட்டடமாகவே மதிக்கவில்லை.

பேச்சு பிறந்தது மறுநாள், மட்பாண்ட அருங்காட்சியகத்தில். அது பழைய பிரபு ஒருவரின் மாளிகை. இரண்டு தண்ணீர்களின் பிரபு என்பது அவருக்குப் பட்டப் பெயர். ("ரெண்டு தண்ணிக்கே பிரபுப் பட்டமா. நான் பதினெட்டு வாய்க்கால் பாக்கிறன்," என்று ஸைனுலாப்தீன் பிறகு றினாஸிடம் சொன்னார்.) மேல்மாடியில் கதவு திறந்ததும் விசெந்தேயைப் பழைய சிநேகிதரான ஒரு காவலாளி கண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஸைனுலாப்தீன் துணிந்து வெளியே காலை வைத்தார். முன்னால் சுவரெல்லாம் வர்ண ஓடு பதித்த ஒரு பழைய சமையலறை இருந்தது.

"நல்ல குசினி," என்றார் தனக்குள்.

விசெந்தே காவலாளியை விட்டுவிட்டுத் திரும்பினார். "கொசீனா?"

"ஓம், குசினி." ஸைனுலாப்தீன் உள்ளே இருந்த மேசையைக் காட்டினார். "மேசை."

"மேசா," என்றார் விசெந்தே.

"கதிரை."

"கதீரா." அது அவர்களுடைய ஊர்மொழியில்.

அலுமாரிக்கு அர்மாரி வந்தது. உட்காருகிற வாங்குக்குப் பாங்க் வந்தது, ரொட்டிப் பாணுக்குப் பான் வந்தது. ஸைனுலாப்தீன் காலைத் தூக்கிச் சப்பாத்து என்றார், விசெந்தேயும் காலைத் தூக்கிச் சபாத்தா என்றார். அந்த அருங்காட்சியகத்துக்கு வந்த மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டிகளை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நிற்கிற இரண்டு கிழவர்களைச் சுற்றி நின்றார்கள்.

"நம்மட சாமான்ட பேரையெல்லாம் இவங்க களவெடுத்து வெச்சிரிக்காங்க," என்றார் அவர் அன்றிரவு றினாஸிடம்.

"இல்ல வாப்பா. பக்கத்து நாட்டுப் போர்த்துக்கீசன் நம்மட கரைக்கி வந்து குடுத்திட்டுப் போன சொல்லு. அவன்ட பாசையும் இவங்கட பாசையும் சொந்தம்."

எப்படியோ, அன்றிலிருந்து இருவரும் வாய் ஓயவில்லை. மேசை, கதிரை, பாண் என்றால் பசிக்கிறது, எங்கேயாவது உட்காருவோம். சப்பாத்து என்றால் கால் நோகிறது, வீட்டுக்குப் போவோம். அலுமாரி என்பது இரண்டு வீட்டுப் பெண்களையும் பற்றிய ஏதோ ஒரு முறைப்பாடு. அது எப்படி அந்தப் பொருளுக்கு வந்தது என்று இருவருக்குமே தெரியாது.

ஒரு நாள் பழைய நகர வாசலின் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கல்பாலத்துக்கு வந்தார்கள். எட்டொன்பது வளைவு இருக்கும். ஸைனுலாப்தீன் ஆசையோடு எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர் இல்லை. புல்லும் மரமும் இருந்தன, ஒரு பெண் நாயோடு ஓடிக்கொண்டிருந்தாள், பையன்கள் பந்து அடித்தார்கள். அடுத்த பாலத்துக்குப் போய்ப் பார்த்தார். அதற்குக் கீழேயும் தோட்டம்.

உடனே றினாஸுக்குப் போன் போட்டார். "மகன், ஆத்தக் காணல்ல."

"அத அங்கால திருப்பிட்டாங்க வாப்பா. ஐம்பத்தேழில பெரிய வெள்ளம் வந்து ஊரே அழிஞ்சிட்டு. பொறகு புது ஆறு வெட்டி ஊருக்குத் தெக்கால உட்டிட்டாங்க."

"முழு ஆத்தையுமா?"

"முழு ஆறும்தான்."

அவர் பாலத்தின் கல்வாங்கில் உட்கார்ந்தார். மசூரை முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு நினைத்தார். பாவம், ஒரு வக்கடைதானே வெட்டினான். இங்கே ஒரு ஆற்றையே வெட்டி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, பாலங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள், ஒருவர்மேலும் முறைப்பாடு இல்லை.

அந்த இரக்கம் வியாழக்கிழமை வரைதான் இருந்தது.

வியாழக்கிழமை பகல் விசெந்தே அவரைப் பெரிய வேதக்கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சதுக்கத்துக்குக் கூட்டிவந்தார். நடுவில் ஒரு நீரூற்று. வெண்கலத்தில் ஒரு ஆண் சாய்ந்து கிடந்தான், சுற்றிலும் எட்டுப் பெண்கள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் உடம்பிலும் உடுப்பு என்று ஒன்று இல்லை. ஸைனுலாப்தீன் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லித் தரையைப் பார்த்தார். விசெந்தே விடவில்லை. ஒவ்வொரு பெண்ணாகக் காட்டி, "அசேக்கியா, அசேக்கியா," என்றார். அந்தச் சொல் ஸைனுலாப்தீனின் காதில் விழுந்தது. சவூதியில் இரண்டு வருடம் கேட்ட சொல். ஸாக்கியா. வாய்க்கால். எட்டுப் பெண்களும் எட்டு வாய்க்கால்கள். அதற்குப் பிறகு அவர் பெரிய சங்கடத்துக்குள்ளானார். பெண்களைப் பார்க்கக் கூடாது, ஆனால் எட்டு வாய்க்காலிலும் தண்ணீர் சமமாக வருகிறதா என்று பாராமல் இருக்கவும் ஏலாது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் குடங்களை மட்டும் பார்த்தார். மூன்றாவது குடத்தில் கொஞ்சம் குறைவு.

பன்னிரண்டு மணி அடித்தது. வேதக்கோயில் வாசலில், கல்லில் செதுக்கிய அப்போஸ்தலர்களுக்குக் கீழே, வட்டமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். சுற்றிலும் உல்லாசப் பயணிகளின் கூட்டம். கறுப்பு அங்கி போட்ட வயதான ஆட்கள் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். கையில் பித்தளைக் கொக்கி வைத்த தடியோடு ஒரு சேவகர் முன்னால் வந்து உரக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு கூப்பாட்டிலும் ஸாக்கியா என்ற சொல்லும் ஒரு பெயரும். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எட்டுப் பெயரும் கூப்பிட்டு முடிந்தது. எட்டுப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள்.

மறுபடியும் றினாஸுக்குப் போன். "இஞ்ச எட்டுக் கறுப்புச் சட்டக்காரங்க வந்து குந்திட்டுப் போறாங்க. ஆரு இவங்க?"

"அது தண்ணி வழக்குப் பாக்கிற கோடு வாப்பா. எட்டு வாய்க்காலுக்கு எட்டுப் பேர். சட்டத்தரணி இல்ல, எல்லாரும் வயல் செய்ற கமக்காரர்தான். வியாழனுக்கு வியாழன் தண்ணிச் சண்டைய விசாரிக்கிற. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில இரிந்தே நடக்குதெண்டு செல்றாங்க."

"முறைப்பாட்ட எழுத்தில குடுக்கணுமா?"

"இல்ல. வாயால செல்ற. அங்கயே தீர்ப்பு."

ஸைனுலாப்தீன் அந்தக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வட்டை விதானைமார், வேதக்கோயில் வாசலில், கதிரையில், கறுப்பு அங்கியோடு. கடுதாசி இல்லை, கந்தோர் இல்லை. "அப்ப ஏன் ஒருத்தனும் வரல்ல?"

"பிரச்சின இல்லப் போல."

"தண்ணி இரிக்கு, ரெண்டு மனிசன் இரிக்கான், பிரச்சின இல்லையா? பயத்தில வராம இரிக்காங்க," என்று போனை வைத்தார்.

பகல் சாப்பாட்டில் அவர் தன் முடிவை அறிவித்தார். மசூரின் வழக்கை இங்கே கொடுக்கப் போகிறார்.

"வாப்பா, அது வலென்சியாட தண்ணி," என்றான் றினாஸ். "அவங்களுக்கும் சவளக்கடைக்கும் என்ன சம்பந்தம்?"

"நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சிற இடத்தில சம்பந்தம் இல்லாம போகுமா?"

றினாஸ் உம்மாவைப் பார்த்தான். சல்மா உம்மா குழந்தையை மடியில் போட்டு ஏவறை எடுக்கத் தட்டிக்கொண்டிருந்தார். "குடுக்கட்டும் மகன்," என்றார். "பதினாலு வருஷமா நான் ஒராள் கேட்டிட்டன். இனி எட்டுப் பேர் கேக்கட்டும்."

அடுத்த வியாழன் அவர் வெள்ளைச் சேட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சாரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனார். இவரும் அந்தச் சபையில் ஒருவர் என்று நினைத்து உல்லாசப் பயணிகள் வழி விட்டார்கள். இரண்டு பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். தடுப்புக் கம்பியின் முதல் வரிசையில், விசெந்தேயோடு நின்றார். சேவகர் எட்டாவது பெயரைக் கூப்பிட்டதும், "ஓம், இரிக்கன்," என்று கையை உயர்த்தினார். சனத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. சபை கலைந்தது. எட்டுப் பேரும் எழுந்து வரிசையாக நடந்தார்கள். ஸைனுலாப்தீன் கம்பிக்கு வெளியே சுற்றிப் போய் அவர்கள் வருகிற வழியில் நின்று ஸலாம் சொன்னார்.

வரிசை நின்றது. விசெந்தே தொப்பியைக் கழற்றி நீளமாக ஏதோ சொன்னார். அதில் சிலோன் என்பதும் அறோஸ் என்பதும் இவருக்குப் புரிந்தது. அறோஸ் சோறுதான். சவூதியிலும் கிட்டத்தட்ட அதே சொல். முன்னால் நின்றவர் எல்லாரிலும் மூத்தவர், வெயிலில் கறுத்து வெடித்த கை. பேசு என்று தலையை அசைத்தார்.

ஸைனுலாப்தீன் பேசினார். பதினான்கு வருடத்தையும் நாலு நிமிடத்தில் தமிழில் பேசினார். எந்த ஆண்டு எந்தப் போகம், எத்தனை தடவை, கீழ் வயல் எப்படிக் காய்ந்தது, மேல் வயல் எப்படி நிறைந்தது. கையால் வாய்க்கால் வரைந்தார். மண்வெட்டியால் வெட்டுவதுபோல் வெட்டிக் காட்டினார். எட்டுப் பேரும் அசையாமல் கேட்டார்கள். வெட்டிக் காட்டிய இடத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மூத்தவர் இரண்டு விரலை உயர்த்தினார். ஒரு விரலால் ஸைனுலாப்தீனைக் காட்டினார். மற்ற விரலை வெறும் இடத்தில் ஆட்டிக் கேட்டார்.

எதிராளி எங்கே. இது புரிய மொழி தேவையில்லை. ஸைனுலாப்தீன் போனை எடுத்து வீடியோவில் மசூரைக் கூப்பிட்டார்.

அங்கே பின்னேரம் மூன்றரை. விதானையார் ஸ்பெயினில், மிஹ்லார் சாப்பிட்டுவிட்டு நித்திரையில். பதினான்கு வருடத்தில் மசூருக்கு இப்படி ஒரு நிம்மதியான பின்னேரம் கிடைத்ததில்லை. இரண்டு கையும் சேறு என்பதால் அவன் போனை வரம்பில் செருப்பின்மேல் சாய்த்து வைத்து, முழங்கையால் அமுக்கிவிட்டு, வேலையைத் தொடர்ந்தான். வீடியோ என்று அவன் கவனிக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் விதானையார். பேத்தி சொகமா இரிக்கா?"

எட்டுக் கறுப்பு அங்கிகளும் போனின்மேல் குனிந்தன. அதில் இரண்டு சேற்றுக் கால்கள் தெரிந்தன. மண்வெட்டி ஏறி இறங்கியது. வரம்பு பிளந்து, அகலமான ஒரு வக்கடையால் வாய்க்கால் தண்ணீர் மசூரின் வயலுக்குள் குபுகுபு என்று பாய்ந்துகொண்டிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், சொகம். நீ எங்க நிக்காய் மசூர்?"

"நான் கல்முனைக் கடையில நிக்கன்." சொத்தென்று ஒரு கொத்து. "வட்டையெல்லாம் ஒழுங்கு. நீங்க யோசிக்காம ஊர் பாருங்க."

மூத்தவர், "ஆய், ஆய், ஆய்," என்று நாக்கைத் தட்டினார். புதுக் குரல் கேட்டு மசூர் குனிந்து போனைப் பார்த்தான். அவனுடைய முகம் திரை முழுதும் வந்தது. அவனுக்குத் தெரிந்தது இது: கறுப்பு உடுத்த எட்டு ஆட்கள் மேலிருந்து அவனைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் கொக்கித் தடி வைத்திருக்கிறார், அவர்களுக்குப் பின்னால் வானம் வரை கல்மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

மசூர் மண்வெட்டியை வரம்பில் வைத்தான்.

"விதானையார்," என்றான் மசூர் மெல்ல. "நான் மௌத்தாகிட்டனா?"

"இன்னம் சாகல்ல. வக்கடைய மூடு."

மூத்தவரும் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அமுக்குவதுபோல் காட்டினார். மசூர் மண்டியிட்டு, மண்வெட்டியைக்கூடத் தொடாமல், கையாலேயே சேற்றை அள்ளி அடைத்தான். அடைத்து முடித்ததும் இன்னொரு அங்கிக்காரர் திரையின் இடது மூலையை விரலால் தட்டினார். அங்கே இன்னும் கசிந்தது. "இடப் பக்கம் மசூர்," என்றார் ஸைனுலாப்தீன். மசூர் இன்னும் ஒரு கட்டி வைத்து மிதித்தான். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலையசைத்தார்கள். சுற்றி நின்ற உல்லாசப் பயணிகள் இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

மூத்தவர் ஸைனுலாப்தீனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். நீண்ட வாசகம். ஸைனுலாப்தீன் மொழிபெயர்ப்புக்காக விசெந்தேயைப் பார்த்தார்.

விசெந்தே யோசித்தார். "மேசா," என்றார். "கதீரா. கோப்பா."

போய்க் கோப்பி குடித்தார்கள்.

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே அது ஊருக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு பயணி எடுத்த வீடியோ, கையிலிருந்து கைக்குப் போய், கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களின் போன் வரை வந்திருந்தது. மசூர் முதல் இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. மூன்றாம் நாள் சவளக்கடைச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, இஸ்திரி போட்ட சேட்டோடு உட்கார்ந்தான்.

"எனக்கு ஸ்பெயினில கேஸ்," என்றான்.

கடையில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாத நாளே இல்லை. கோடு எவ்வளவு பெரிசு, சேவகர் கையில் இருந்த கொக்கி என்ன கொக்கி, நீதவான்மார் என்ன குணம் என்று அவன் விளக்கினான். பாண்டிருப்பில் இருந்தெல்லாம் கேட்க வந்தார்கள். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் சுவாம்பிள்ளையைப் பிடித்து ஒரு மேன்முறையீடும் எழுதுவித்தான். எதிராளி தன்னிடம் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்பது முதல் காரணம், தான் அந்நேரம் சாரனை மடித்துக் கட்டியிருந்தது இரண்டாவது. சுவாம்பிள்ளை இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார், மசூர் மறுத்துவிட்டான். பதில் வரவில்லை. "அப்ப கேஸ் நடக்குது எண்டுதான் அர்த்தம்," என்றான்.

ஸைனுலாப்தீன் வந்து இறங்கியபோது அவரிடம் ஸ்பெயினைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. எல்லாம் மசூர் சொல்லி முடித்திருந்தான். அவர் லிஃப்டுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பெரும்போகத்துக்கு முன் விவசாயிகள் கூட்டம் கூடியது. விதானைத் தெரிவு வந்ததும் பின்னால் இருந்து ஒருவர், "மசூரப் போடுவம். வெளிநாட்டுக் கோட்டுக்கே போன மனிசன்," என்றார். சிரிப்பு எழும்பியது, பிறகு அடங்கியது, பிறகு எல்லாரும் யோசிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் ஸைனுலாப்தீனைப் பார்த்தார்கள்.

அவர் சேற்றில் வெடித்த தன் குதிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருடம். வட்டையில் எந்த இடத்தில், எந்த நேரம், எப்படித் தண்ணீரைக் களவெடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனே காவல் நின்றால் மற்றவன் எவன் வெட்டுவான். தன் வரம்பை வெட்டித் தன்னிடமே பொய் சொல்ல மசூராலும் ஏலாது. அவர் எல்லாருக்கும் முதல் கையை உயர்த்தினார்.

மசூரின் முகம், வலென்சியாவில் போன் திரையில் கண்டதைவிட வெளுத்துப்போயிற்று.

போகம் தொடங்கி ஒரு மாதத்தில் ஸைனுலாப்தீன் பழக்கத்தில் தாம்போதியைத் தாண்டி வயலுக்குப் போனார். மசூர் விதானையார் அஞ்சாம் வாய்க்காலின் மதகான துருசில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் சொந்த வயலுக்குப் போகிற தண்ணீரைப் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

"என்ட முறை எப்ப?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

"நாளைக்கிப் பின்னேரம் நாலு மணிக்கி."

"இப்ப ஒரு அரை மணித்தியாலம் தொறந்து உட்டா என்ன? ஓரத்தில கொஞ்சம் காஞ்சி கிடக்கு."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கு உறைத்தது.

"ஏலா," என்றார் மசூர். "முறை முறைதான்."

ஸைனுலாப்தீன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். தாம்போதி வரைக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் சல்மா உம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, வட்டை எப்படி என்று கேட்டார்.

"மசூர் நல்லாப் பாக்கான்," என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். "எண்டாலும் கொஞ்சம் கூடிப் போச்சி."